மூன்றாம் நாளுக்குப் போனவர்

விண்ணப்பம் திரும்பி வந்த காரணத்தை ரஜிதா மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அழுகை வரப்பார்த்தது. மூன்றாம் தரம் சிரிப்புத்தான் வந்தது.

"தங்கள் நிலையத்தின் தொழிலாளர்கள் அனைவரும் யோகட் உற்பத்தியில் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களாதலால், நிதியுதவிக்குத் தகுதி இல்லை."

அனைவரும் பயிற்சி பெற்றவர்களாம்! அப்படியென்றால் கிழமைக்கு ஐந்து தரம் போடுகிற யோகட்டில் இரண்டு மூன்று தரம் தண்ணீராய்ப் போகிறதே, அது எந்தப் பயிற்சியில் பழகியது? பக்கத்தில் ஆட்கள் யாரும் இல்லாததால் அவள் கடித உறையைப் பார்த்தே இதைக் கேட்டாள். உறை பதில் சொல்லவில்லை.

தர்மபுரத்தில் ரஜிதாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் அந்த "நிலையம்". வவுனியாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருசம் தையல் மெசினோடு மல்லுக்கட்டிவிட்டு, சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு அவள் தொடங்கியது. வேலைக்கு மூன்று பேர்: பேச்சியம்மா, பிரேமிளா, விமலேஸ்வரி. மூவரும் அதற்கு முதல் வெயிலுக்குள் கூலிக்குப் போனவர்கள். யோகட் போடுகிற விதத்தை ரஜிதா யூடியூப்பில் பார்த்துப் படித்திருந்தாள். வெப்பமானி வாங்கினாள், பாலுக்குள் போட நல்ல உறை வாங்கினாள், பாலையும் பார்த்துப் பார்த்து வாங்கினாள். இருந்தும் சில நாள் கல்லுப்போல உறையும், சில நாள் மோராக ஓடும். ஏன் என்று அவளுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது.

வவுனியாவில் கடை வைத்திருக்கிற நடராசா அண்ணைக்கு இரண்டு தரம் அனுப்பி இரண்டு தரமும் திரும்பி வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "பிள்ளை, சனிக்கிழமை காலமை பஸ்ஸில நூறு கப் போட்டுவிடு. சரிவந்தா கிழமைக்கு எண்ணூறு எடுக்கிறன். சரிவராட்டி என்னைக் குறை நினைக்காதை," என்றார். சரிவராவிட்டால் ரஜிதா திரும்பத் தையல் மெசினுக்கு, மற்ற மூவரும் திரும்ப வெயிலுக்கு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கொட்டகைக்குள் எல்லோருக்கும் தெரியும்.

சிறு தொழில் நிலையங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அரசாங்கம் புதிதாகக் கொண்டுவந்த பயிற்சித் திட்டத்தை அவள் மலைபோல நம்பியிருந்தாள். வேலை நடக்கிற இடத்துக்கே பத்து நாள் நின்று பழக்க ஒரு பயிற்றுநரை அனுப்புவார்கள். அவருடைய சம்பளமும், பழகுகிற தொழிலாளியின் பாதிக் கூலியும் அரசாங்கத்தின் பொறுப்பு. அந்த நம்பிக்கையைத்தான் இந்த ஒரு வரி கொண்டுபோய்விட்டது.

புதன்கிழமை காலையிலேயே அவள் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள். திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் சுஜிதன் முப்பது வயதும் ஆகாத பொடியன். மரியாதையானவன். அவளைக் கதிரையில் இருத்திவிட்டுக் கோப்பைத் திறந்தான்.

"அக்கா, இவை மூண்டு பேரிட்டையும் அஞ்சு நாள் யோகட் பயிற்சிச் சான்றிதழ் இருக்கு. நீங்கள்தானே இணைச்சு அனுப்பினனீங்கள்?"

"ஓம் சேர். சான்றிதழ் வைச்சா மதிப்பு எண்டு நினைச்சன்."

உண்மையில் அவள் மட்டுமல்ல, வன்னியில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மீள்குடியேறி வந்த காலத்தில் இங்கே வீட்டுக்குக் கூரை வருவதற்கு முதல் பயிற்சி வந்தது. காளான் வளர்ப்பு, கோழி வளர்ப்பு, மெழுகுதிரி, தலைமைத்துவம் என்று ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு சோற்றுப் பார்சல், ஒரு பஸ் காசு, கடைசி நாள் ஒரு சான்றிதழ். சனம் அவற்றை லமினேட் பண்ணி, பைலில் அடுக்கி, அலுமாரிக்குள் நகையோடு நகையாகப் பூட்டி வைத்திருக்கிறது. பேச்சியம்மாவிடம் மட்டும் பத்தொன்பது இருந்தன. மணப்பெண் அலங்காரத்துக்கும் ஒன்று உண்டு. அவர் அலங்கரித்த மணப்பெண்ணைத் தர்மபுரத்தில் இன்னும் ஒருவரும் கண்டதில்லை.

"பழகாத ஆக்களுக்குத்தான் இந்தக் காசு அக்கா. பழகின ஆக்களுக்குத் திரும்பவும் குடுத்தா என்னட்டைக் கேள்வி கேப்பினம்," என்றான் சுஜிதன்.

"அவையிட்டைச் சான்றிதழ்தான் இருக்கு சேர். யோகட் போடத் தெரியாது."

சுஜிதன் பேனாவை மூடினான். "அதை நான் எப்பிடி அக்கா எழுதுறது?"

பிறகு கோப்பைத் திரும்ப ஒருதரம் புரட்டினான்.

"சான்றிதழ் இல்லாத ஒரு தொழிலாளி எண்டாலும் இருந்தா, அவவின்ர பேரில திரும்பப் போடுங்கோ," என்றான் அவன். "பயிற்றுநர் வந்து பழக்கேக்க மற்றவையும் பக்கத்தில நிண்டு பாக்கலாம். அதுக்கு ஒரு தடையும் இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிதான் கடைசி."

"நான் இருக்கிறன் சேர். என்னட்டை ஒரு சான்றிதழும் இல்லை."

"நீங்கள் முதலாளி அக்கா."

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது ரஜிதாவுக்குக் கோபம் போய்விட்டது. அவளுக்குக் கோபம் நெடுநேரம் நிற்காது, அந்த இடத்தில் ஏதாவது ஒரு கேள்வி வந்து குந்திவிடும். சின்ன வயதில் கச்சான் கடலை விதையைப் புதைத்துவிட்டு, முளைத்துவிட்டதா என்று நாளுக்கு இரண்டு தரம் கிண்டிப் பார்த்துத் தகப்பனிடம் அடி வாங்கியவள் அவள். இப்போது வந்து குந்திய கேள்வி இதுதான்: ஐந்து நாள் இருந்து பழகியிருக்கிறார்கள், மூன்று பேரும் புத்தியில்லாத ஆட்களும் இல்லை, பிறகு அந்த ஐந்து நாளும் எங்கே போனது?

வியாழக்கிழமை காலை, கப் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் நேரே கேட்டாள். "அந்த யோகட் பயிற்சியில என்ன பழக்கினவை?"

"கை கழுவுறது," என்றாள் பிரேமிளா உடனே. "முழங்கை மட்டும் சோப் போட்டு. தலைக்குத் தொப்பி போடுறது. நகம் வெட்டுறது."

"பிறகு?"

"பிறகு எனக்குத் தெரியாதக்கா. நான் முதலாம் நாளும் கடைசி நாளும்தான் போனனான். கடைசி நாள் போட்டோ எடுத்தவை."

ரஜிதா விமலேஸ்வரியைப் பார்த்தாள். விமலேஸ்வரி ஐம்பது தாண்டியவர், எதையும் யோசித்துத்தான் சொல்லுவார். "நான் ரெண்டாம் நாள். பாலுக்குள்ள தண்ணி கலந்திருக்கோ எண்டு மானி விட்டுப் பாக்கிறது. அது எனக்கு வடிவாத் தெரியும்."

அது உண்மைதான். அவர் பார்த்து எடுத்த பாலில் இன்றுவரை ஒரு பிழையும் வந்ததில்லை.

"நான் நாலாம் நாளு," என்றார் பேச்சியம்மா தானாகவே. "உறைஞ்ச கப்பைப் பெட்டியில இருந்து எடுத்து, குளிரவச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, தேதி அடிக்கிறது."

"அப்ப மற்ற நாளுகளில உங்கட பேருக்கு ஆர் கையெழுத்து வைச்சது?"

 பேச்சியம்மா, இதிலென்ன ஒளிக்க இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னார்: "ஒரு நாளு கூட விடக்கூடாது, விட்டா சான்றிதழ் கிடையாதுன்னாங்க. ஆஸ்பத்திரி இருக்கு, கூப்பன் கடை இருக்கு, புள்ளைங்க இருக்கு, அஞ்சு நாளு யாரால போக முடியும்? நாத்து நட ஆள் மாறிப் போறதில்லையா, அந்த மாதிரித்தான். இன்னைக்கு எனக்கு நீ, நாளைக்கு உனக்கு நான்."

ரஜிதாவுக்குக் கண் பெரிதாகிவிட்டது. அப்படியானால் ஒரு சான்றிதழில் இருப்பது ஒரு ஆள் இல்லை! கொட்டகைச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றிப் பின்பக்கத்தில் கோடு கீறினாள். முதலாம் நாள் சுத்தம், பிரேமிளா. இரண்டாம் நாள் பால் பார்ப்பது, விமலேஸ்வரி. நாலாம் நாள் எடுத்துக் குளிரவைப்பது, பேச்சியம்மா. ஐந்தாம் நாள் வியாபாரம், போட்டோ, பிரியாணி. இதற்கு மட்டும் மூன்று பேரும் போயிருந்தார்கள். மூன்றாம் நாளுக்குக் கீழே ஒரு பெயரும் இல்லை.

"மூண்டாம் நாள் என்ன பழக்கினவை?"

"உறை போடுறது," என்றார் விமலேஸ்வரி. சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது போலத் தலையில் கையை வைத்தார். "ஐயோ, அண்டைக்கெல்லோ வீட்டுத்திட்டப் பதிவு! எல்லாரும் நேரில வரோணும் எண்டவை. வராட்டி வீடில்லை எண்டவை. நான் என்ர மகளை அனுப்பினனான்."

மகள் இப்போது கல்யாணம் முடித்துப் பளையில் இருக்கிறாள். உடனே அவளுக்குக் கோல் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நால்வரும் குனிந்து நின்றார்கள். மகள் நல்லாய் யோசித்துவிட்டு, "அண்டைக்குச் சோத்துப் பார்சலுக்குள்ள அவிச்ச முட்டை இருந்தது அம்மா," என்றாள். வேறு ஒன்றும் நினைவில்லையாம். பிரேமிளாவுக்காகப் போன மச்சாள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாள் என்று பிரேமிளாவுக்கே சரியாகத் தெரியாது.

"எனக்காக வீரம்மா போச்சு," என்றார் பேச்சியம்மா. "வாய்க்கா ஓரத்து வீரம்மா. அதுக்குத்தான் காணிப் பத்திரம் இல்லையே. பத்திரம் இல்லாட்டி வீட்டுத்திட்டத்துலயும் பேரு இல்ல, பயிற்சியிலயும் பேரு இல்ல. ஊரே பதிவுக்குப் போன அன்னைக்கு அது ஒண்ணுதான் சும்மா இருந்துச்சு."

ரஜிதா அடுத்த நிமிடமே சைக்கிளை எடுத்தாள்.

வீரம்மா ஒரு தோட்டத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, தலையில் துவாய். பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய ஒரு நாளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று ரஜிதா தயங்கித் தயங்கித் தொடங்கினாள். வீரம்மா தயங்கவேயில்லை.

"பச்சைச் சீலை கட்டுன டீச்சரம்மா. கொஞ்சம் குள்ளம். பாலைப் பொங்க விட்டு, பத்து நிமிசம் கிண்டிக்கிட்டே நிக்கச் சொன்னாங்க. அப்புறம் சட்டியைத் தண்ணியில வச்சு ஆத்தணும். மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டு ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணணும். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. அப்பத்தான் உறையைப் போடணும். கப்புல ஊத்தி, சூடு போகாத ரெஜிபோம் பெட்டியில அடுக்கி, சுடுதண்ணிப் போத்தல் ரெண்டு வச்சு மூடணும்."

ரஜிதா கச்சான் கொடிகளுக்கு நடுவில் அப்படியே குந்திவிட்டாள். ஊரில் பத்தொன்பது சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் முட்டையை மட்டும் நினைவு வைத்திருக்க, இந்த மனுசி சீலை நிறம்கூட விடாமல் சொல்கிறாவே!

"எப்பிடியக்கா இவ்வளவும் மறக்காமல் இருக்கிறியள்?"

"நான் போன பயிற்சி அது ஒண்ணுதானே தங்கச்சி," என்றார் வீரம்மா.

அவர் சொன்னதெல்லாம் ரஜிதா ஏற்கெனவே செய்கிறவைதான். வெப்பமானி வைத்துச் செய்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய முகம் வாடிவிட்டது. "பெட்டியை மூடினாப் பிறகு?"

"மூடுனா மூடுனதுதான். அஞ்சு மணி நேரம் தொறக்கக் கூடாது, நகட்டக் கூடாது, பெட்டியைத் தட்டிக்கூடப் பாக்கக் கூடாது. ஆட்டிட்டா தண்ணி விட்டுரும்னு டீச்சரம்மா ரெண்டு தரம் சொன்னாங்க. எனக்குத்தான் என்னமா உறையுதுன்னு பாக்கணும்னு ஒரே ஆசை. தொட்டுப் பாக்காம வீட்டுக்கு வந்துட்டேன். அடுத்த நாளு பேச்சியம்மா போச்சு." வீரம்மா கையிலிருந்த கொடியை உதறி மண்ணைத் தட்டினார். "நான் வச்ச பாலு உறைஞ்சுச்சா, ஓடிப்போச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"பேச்சியம்மாக்காவைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். உறைஞ்சதும் ஓடுனதும் எல்லாக் கப்பும் ஒண்ணாத்தான் கெடந்துச்சு, எது உன்னோடதுன்னு யாரு கண்டான்னு சொல்லிருச்சு."

ரஜிதாவின் காதில் அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தரம் மூடியைத் தூக்கி, உறைந்துவிட்டதா என்று ஒரு கப்பைச் சரித்துப் பார்க்கிறது யார்? வேறு யார்! வீட்டுக்கு வந்து உற்பத்திக் கொப்பியைப் புரட்டினாள். நன்றாக உறைந்த நாட்கள்: அவள் வங்கிக்குப் போன நாள், மகனின் பள்ளிக்கூடக் கூட்டம் நடந்த நாள், பளையில் செத்தவீட்டுக்குப் போன நாள். அவள் முழுநாளும் கொட்டகையில் நின்ற நாட்கள்தான் அதிகமாய் மோராகியிருந்தன. பாலைக் குறை சொன்னாள், உறையைக் குறை சொன்னாள், கரண்டைக் குறை சொன்னாள். கடைசியில் பார்த்தால் அதே கச்சான் விதை! வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"நான் திறக்கிறதைப் பாத்துக்கொண்டு ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கொட்டகையில் கேட்டாள்.

"நீங்கள் முதலாளியெல்லோ அக்கா," என்றாள் பிரேமிளா. "அதுவும் ஒரு முறையாக்கும் எண்டு நினைச்சம்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீரம்மா கொட்டகைக்கு வந்துவிட்டார். கூலி பேசி, வேலைக்குச் சேர்த்தாகிவிட்டது. பால் காய்கிற நேரத்தில் ரஜிதா புதிய விண்ணப்பத்தை நிரப்பினாள். "பயிற்சி பெறுபவருக்குத் தெரியாதவை" என்று ஒரு கட்டம் இருந்தது. போன தரம் அதில் எதை எழுதுவது என்று தெரியாமல் "நவீன தொழில்நுட்பம்" என்று எழுதியிருந்தாள். இந்தத் தரம் உள்ளதையே எழுதினாள்: "முதலாம், இரண்டாம், நான்காம், ஐந்தாம் நாள்." பிறகு பேனாவை வீரம்மாவிடம் நீட்டினாள்.

வீரம்மா கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"யாரு பேர்ல வைக்கணும் தங்கச்சி?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். பேச்சியம்மா கப் அடுக்குகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஜிதா கையெழுத்துக் கோட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"உங்கட பேரிலதான் அக்கா," என்றாள்.

வீரம்மா ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினார்.

பத்து மணிக்கு அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பாலை விட்டு எண்ணினார். வெப்பமானி பக்கத்தில்தான் கிடந்தது. அவர் பத்து என்று சொன்னபோது ரஜிதா அதைப் பார்த்தாள், நாற்பத்து மூன்று காட்டியது. உறை போட்டு, நூற்றிருபது கப்பில் ஊற்றி, பெட்டிகளில் அடுக்கி மூடினார்கள். ரஜிதாவின் கை மூடியின் மேலேயே கிடந்தது.

"நீங்கள் கிளிநொச்சிக்குப் போட்டு வாங்கோ," என்றார் விமலேஸ்வரி. "இங்க நிக்கவேண்டாம்." முதலாளியைக் கொட்டகையிலிருந்து துரத்துகிற தொழிலாளியை ரஜிதா அன்றுதான் கண்டாள். மறுபேச்சுப் பேசாமல் போனாள்.

சுஜிதன் விண்ணப்பத்தை மேலிருந்து கீழாக வாசித்து அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினான். "மூண்டாம் நாளை விட்டிட்டீங்கள் அக்கா?"

"அது அவவுக்குத் தெரியும் சேர். ஊரிலயே அவவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப சான்றிதழ்?"

"இல்லை."

அவன் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு முழுக்கதையையும் கேட்டான். முட்டை வந்த இடத்தில் சிரித்தான், வீரம்மாவின் கையெழுத்தைத் திரும்ப ஒருதரம் பார்த்தான், பிறகு முத்திரையைக் குத்தினான். பத்து நாள் பயிற்சிக்குப் பயிற்றுநர் அடுத்த மாதம் வருவாராம். ரஜிதா எழும்பிக் கதவடிக்குப் போனபோது, "உறைஞ்சா எனக்கொரு கோல் எடுங்கோ அக்கா, மறந்துபோடாதைங்கோ," என்றான்.

அவள் திரும்பி வந்தபோது மூன்றேகால். பெட்டிகளுக்கு முன்னால் வீரம்மா ஒரு வாங்குப் பலகையில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துச் சாப்பிட்டாராம். பிரேமிளா ஒருதரம் கிட்டப் போகப் பார்த்ததற்கு ஏச்சு விழுந்ததாம்.

"திறந்து பாத்தனீங்களோ அக்கா?"

"இல்ல. பன்னெண்டு வருசம் பொறுத்தவளுக்கு அஞ்சு மணி நேரம் பெருசா?" என்றார் வீரம்மா. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் எழும்பிவிட்டார்.

ரஜிதாவின் கை பழக்கத்தில் மூடியை நோக்கிப் போனது. அவள் அதை இழுத்துக்கொண்டாள். "நீங்கள் திறவுங்கோ."

வீரம்மா மூடியைத் தூக்கினார். ஒரு கப்பை எடுத்தார். வெள்ளை வெளேரென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அசையாமல் இருந்தது. அவர் அதை மெல்லக் கவிழ்த்தார். எல்லோரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. இரண்டாவதையும் கவிழ்த்தார், மூன்றாவதையும் கவிழ்த்தார். பேச்சியம்மா, "போதும் வீரம்மா, சனிக்கிழமை பஸ்ஸுக்கு மிச்சம் வேணும்," என்று மூக்கை உறிஞ்சினார். விமலேஸ்வரி நூறு கப்பை எண்ணிப் புறம்பாக எடுக்கத் தொடங்கிவிட்டார்.

கவிழ்ந்திருந்த கப்பை நிமிர்த்தி, ஒரு கரண்டி அள்ளி வீரம்மா வாயில் வைத்தார்.  பிறகு ரஜிதாவைப் பார்த்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அன்னைக்கும் உறைஞ்சிருக்கும், இல்ல?"

"உறைஞ்சிருக்கும் அக்கா," என்றாள் ரஜிதா. "கட்டாயம் உறைஞ்சிருக்கும்."

வீரம்மா தலையை ஆட்டினார். அடுத்த கரண்டியை அள்ளிப் பேச்சியம்மாவிடம் நீட்டினார்.